எஸ்எஸ்டி வாங்குமுன்: வாசகர் கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு நாலாகப் பிரிந்துவிட்டது. ஆனால் இந்த மாதம் நாலு மாவட்டத்திலிருந்தும் வந்த கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) போடுவது. "எந்த கம்பெனி நல்லது?" என்றுதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். "என் மெஷினில் எது ஏறும்?" என்பதை முதலில் கேட்டால் பாதிக் காசு மிச்சம்.

கேள்வி: வீட்டில் 2013இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் இருக்கிறது. எச்61 மதர்போர்டு, மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்து மவுஸ் நகர்வதற்குள் காபி ஆறிவிடுகிறது. வினாடிக்கு 3,500 எம்பி வேகமுள்ள என்விஎம்இ எஸ்எஸ்டியை ஒரு கார்டில் செருகித் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?
— இல்லத்தரசி, சத்துவாச்சாரி

பதில்: வேண்டாம். கடைக்காரர் சொன்ன வேகம் பொய்யில்லை. உங்கள் போர்டுக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். எச்61 வந்த காலத்தில் என்விஎம்இ (பிசிஐஇ வழியாக ஓடும் வேகமான எஸ்எஸ்டி முறை) புழக்கத்தில் இல்லை. அந்த போர்டின் பயாஸுக்கு (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) அப்படி ஒரு டிரைவ் இருப்பதே தெரியாது. கார்டில் செருகினால் விண்டோஸுக்குள் போன பிறகு டேட்டா டிரைவாகத் தெரியும். ஆனால் அதிலிருந்து விண்டோஸ் பூட் ஆகாது. நீங்கள் வாங்க நினைப்பதே பூட் வேகத்துக்காகத்தானே?

உங்களுக்குத் தேவை 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே கேபிளில் மாட்டும் ரகம். எச்61இல் இருப்பவை நாலும் பழைய சாட்டா 2 போர்ட். வினாடிக்கு 270, 280 எம்பிக்கு மேல் ஓடாது. எஸ்எஸ்டி பெட்டியில் 550 எம்பி என்று போட்டிருக்கும், பாதிதான் கிடைக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். விண்டோஸ் திறக்கும்போது டிஸ்க்கில் நடப்பது பெரிய ஃபைல் ஒன்றை நேராகப் படிக்கும் வேலை இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளைப் பொறுக்கும் வேலை. 7,200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கில் ஹெட் நகர 8, 9 மில்லிசெகண்ட், தட்டு அரைச்சுற்று சுற்றி வர இன்னொரு 4 மில்லிசெகண்ட். ஆக, வினாடிக்கு எண்பது துண்டுகளைத் தேடி எடுத்தாலே அதிகம். எஸ்எஸ்டியில் அதே தேடல் 0.1 மில்லிசெகண்டுக்குள் முடிகிறது. நீங்கள் உணரப்போகும் வித்தியாசம் முழுக்க இதிலிருந்து வருவது. சாட்டா 2 ஆனாலும் சாட்டா 3 ஆனாலும் அது அப்படியே கிடைக்கும்.

மீதிப் பணத்தில் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ரேம் போடுங்கள். 4 ஜிபியோடு பிரவுசரைத் திறந்தால் விண்டோஸ் ரேம் போதாமல் டிஸ்க்கை ரேம்போலப் பயன்படுத்தும். எஸ்எஸ்டி போட்டும் "அவ்வளவாக வேகம் தெரியவில்லையே" என்று சொல்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள்.

பொருத்தும்போது ஒரு விஷயம். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு வரும் ஸ்க்ரூ கனத்த மரை. எஸ்எஸ்டிக்கு வேண்டியது டிவிடி டிரைவுக்குப் போடும் எம்3 சன்ன மரை. கனத்த மரை ஸ்க்ரூவை அழுத்தித் திருகினால் எஸ்எஸ்டியின் மரை அழிந்துவிடும். எஸ்எஸ்டியை 3.5 அங்குல இடத்தில் பொருத்தும் தட்டு வாங்கக் கிடைக்காவிட்டால் கேபினெட்டின் அடிப்பக்கத்தில் நல்ல இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டினாலும் போதும். உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லை, எடையும் இல்லை.

இன்னொன்று: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் சிப்களின் பட்டியல், சில விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. பாங்க் வேலையும் பிரவுசரும்தான் உங்கள் பயன்பாடு என்றால் புது எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். பழைய டிஸ்க் கையில் அப்படியே இருப்பதால் பிடிக்கவில்லையென்றால் கேபிளை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: என் லேப்டாப்பில் எம்.2 ஸ்லாட் ஒன்று காலியாக இருக்கிறது. எட்டாம் தலைமுறை ஐ5. சாட்டா எம்.2, என்விஎம்இ எம்.2 என்று இரண்டு சொல்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. எதை வாங்குவது?
— கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். உள்ளே ஓடுவது சாட்டாவா என்விஎம்இயா என்பது வேறு கதை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

டிரைவின் தங்க நிறப் பல் வரிசையைப் பாருங்கள். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. வலது ஓரமாக ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. "பெரும்பாலும்" என்று சொல்வதற்குக் காரணம், இரண்டு வெட்டுள்ள என்விஎம்இயும் உண்டு. ஆகையால் வெட்டை நம்புவதைவிட லேபிளை நம்புங்கள்: பிசிஐஇ என்றோ என்விஎம்இ என்றோ எழுதியிருக்க வேண்டும். லேப்டாப் எதை ஏற்கும் என்று அறிய, அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை முழுசாக எழுதி, அந்தக் கம்பெனியின் தளத்தில் ஹார்டுவேர் மேனுவலை இறக்கிப் பாருங்கள். சில ஸ்லாட் இரண்டையும் ஏற்கும். சில, சாட்டாவை மட்டும். சில, என்விஎம்இயை மட்டும். தப்பானதைச் செருகினால் எதுவும் எரியாது. டிரைவ் தெரியவே தெரியாது.

நீளமும் முக்கியம். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சில லேப்டாப்களில் 2242தான் உட்காரும். போர்டில் ஸ்க்ரூ துளை எந்தத் தூரத்தில் இருக்கிறது என்று ஸ்கேலால் அளந்துவிட்டே கடைக்குப் போங்கள்.

இரண்டையும் ஏற்கும் ஸ்லாட் என்றால் என்விஎம்இ வாங்குங்கள். மூன்றாம் தலைமுறை பிசிஐஇ டிரைவ் போதும். நாலாம் தலைமுறை டிரைவ் போட்டாலும் வேலை செய்யும். உங்கள் லேப்டாப்பில் மூன்றின் வேகத்தில்தான் ஓடும். டிராம் (டிரைவுக்குள் இருக்கும் தனி ரேம்) இல்லாத டிரைவ் என்று பயமுறுத்துவார்கள். என்விஎம்இயில் எச்எம்பி என்ற வசதி உண்டு. கம்ப்யூட்டரின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கி எந்தத் தகவல் எங்கே என்ற கணக்கை டிரைவ் அதில் வைத்துக்கொள்ளும். வீட்டு வேலைக்கு அது தாராளம். சாட்டாவில் அந்த வசதி இல்லை என்பதால், அங்கே டிராம் உள்ளதற்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

செருகும்போது முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். டிரைவைப் படுக்க வைத்துத் தள்ளக் கூடாது. சுமார் 30 டிகிரி சாய்வில் முழுசாக உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தி ஸ்க்ரூ போட வேண்டும். ஸ்க்ரூ எம்2 அளவு, 3 மில்லிமீட்டர் நீளம். காலி ஸ்லாட்டோடு வரும் லேப்டாப்பில் அந்த ஸ்க்ரூ பல சமயம் இருக்காது. டிரைவ் வாங்கும் கடையிலேயே இரண்டு கேட்டு வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இந்த ஒரு மரைக்காக மறுபடியும் வேலூருக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும்.

கேள்வி: 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினேன். விண்டோஸில் 447 ஜிபி என்று காட்டுகிறது. மீதி 33 ஜிபி எங்கே? போலியா?
— கணக்கர், ஆம்பூர்

பதில்: போலியில்லை. கம்பெனி ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறது. விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடிச் சொச்சம் என்று எண்ணுகிறது. 240க்கு 223, 500க்கு 465, 1 டிபிக்கு 931 என்று வந்தால் சரியான சரக்கு.

கேள்வி: டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்தோம். 100 சதவீதம் முடிந்தது என்றது. ஆனால் எஸ்எஸ்டியிலிருந்து ஆன் செய்தால் நீலத்திரையில் "இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்" என்று வந்து நிற்கிறது. புதிதாக விண்டோஸ் போட்டால் என் தமிழ் எழுத்துருக்கள், பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர் எல்லாம் போய்விடும். என்ன செய்வது?
— கடை உரிமையாளர், ஆற்காடு

பதில்: க்ளோன் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். க்ளோன் செய்த டிஸ்க் பூட் ஆகாததற்கு மூன்று காரணங்கள் வழக்கம்.

முதலாவது, பயாஸில் சாட்டா மோடு, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை (ஐடிஇ பழையது, ஏஎச்சிஐ புதியது). பழைய விண்டோஸ் ஐடிஇ மோடில் நிறுவப்பட்டிருக்கும். எஸ்எஸ்டி போட்டதும் யாராவது "ஏஎச்சிஐதான் வேகம்" என்று மாற்றியிருப்பார்கள். விண்டோஸ் அதற்குரிய டிரைவரைத் தொடக்கத்திலேயே ஏற்றத் தயாராக இல்லாததால் விழுகிறது. பயாஸில் பழைய மோடுக்குத் திரும்புங்கள். விண்டோஸ் திறந்தால் காரணம் இதுதான். பிறகு எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் தாவலில் சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட்டில் நேரே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐக்கு மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்தால் விண்டோஸ் தானே டிரைவரைப் பொருத்திக்கொள்ளும். அப்புறம் டிக்கை எடுத்துவிடலாம்.

இரண்டாவது, க்ளோன் முடிந்ததும் இரண்டு டிஸ்க்கையும் மாட்டியபடியே ஆன் செய்தது. க்ளோன் என்றால் டிஸ்க்கின் அடையாள எண்ணும் நகலாகியிருக்கலாம். ஒரே எண்ணில் இரண்டு டிஸ்க்கைப் பார்த்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் செய்யும், அல்லது டிரைவ் எழுத்துகளைக் குழப்பிக்கொள்ளும். முதல் பூட்டின்போது பழைய டிஸ்க்கின் கேபிள் கழற்றப்பட்டிருக்க வேண்டும். எஸ்எஸ்டியைப் பழைய டிஸ்க் இருந்த அதே போர்ட்டில் செருகுவது நல்லது.

மூன்றாவது, சி டிரைவை மட்டும் க்ளோன் செய்தது. விண்டோஸ் பூட் ஆகத் தேவையான சின்னப் பார்ட்டிஷன் ஒன்று சி டிரைவுக்கு வெளியே, 100 எம்பியோ 500 எம்பியோ அளவில் இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பெயரில்லாமல் தெரியுமே, அதுதான். பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுக்காமல் முழு டிஸ்க்கையும் தேர்ந்தெடுத்து க்ளோன் செய்ய வேண்டும்.

மறுபடி செய்வதானால் இந்த வரிசையில் செய்யுங்கள். பழைய டிஸ்க்கின் நலத்தை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் பாருங்கள். 05, சி5, சி6 என்ற (கெட்டுப்போன செக்டார்களைக் காட்டும்) வரிகளில் எண் ஏறியிருந்தால் க்ளோனுக்கு முன் கடைக் கோப்புகளைத் தனியாக வேறிடத்தில் நகலெடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ஓடினால் அதை அணைத்து, முழுசாகத் திறக்கும்வரை காத்திருங்கள். தேவையற்றதை அழித்து, பயன்பாட்டில் உள்ள இடத்தை எஸ்எஸ்டியின் 80 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். எஸ்எஸ்டியின் பெட்டியில் க்ளோன் சாஃப்ட்வேருக்கான வழி கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் க்ளோன்ஸில்லா இலவசம். ஆனால் க்ளோன்ஸில்லா, பெரிய டிஸ்க்கிலிருந்து சின்ன டிஸ்க்குக்குப் போகும்போது முரண்டு பிடிக்கும். முதலில் பார்ட்டிஷனைச் சுருக்கிவிட வேண்டும். யுஎஸ்பி 2 போர்ட்டில் மாட்டினால் 200 ஜிபி போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் மாட்டினால், பழைய டிஸ்க்கின் வேகமே எல்லை.

எக்ஸ்பி காலத்தில் பிரித்த டிஸ்க் என்றால் க்ளோன் செய்யாதீர்கள். அந்தப் பார்ட்டிஷன் 63ஆவது செக்டாரில் தொடங்கும். எஸ்எஸ்டி கணக்கு வைக்கும் 4 கேபி துண்டுகளோடு ஒத்துப்போகாது, ஒரு துண்டில் எழுத வேண்டியதை இரண்டு துண்டில் எழுத வேண்டிவரும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பார்ட்டிஷன் ஆஃப்செட்டைப் பாருங்கள், 4096ஆல் மீதியின்றி வகுபட வேண்டும்.

கடைசியாக, உங்கள் தொழிலுக்கே உரிய சிக்கல். சில பழைய தமிழ் டிடிபி, கணக்கு சாஃப்ட்வேர்களின் லைசென்ஸ் ஹார்ட் டிஸ்க்கின் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். க்ளோன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது திறக்காது. விற்றவரிடம் டிஸ்க்கைக் கழற்றும் முன்பே கேட்டு, லைசென்ஸை விடுவித்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். எதற்கும் பழைய டிஸ்க்கை ஒரு மாதம் கை வைக்காமல் எடுத்து வையுங்கள். கல்யாண சீசனில் இந்த வேலையே வேண்டாம்.

விண்டோஸ் ஆக்டிவேஷன் பற்றிக் கவலை வேண்டாம். டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டைப் பார்த்துத்தான் அடையாளம் காண்கிறது. டிஸ்க் மாற்றியதால் மட்டும் போகாது.

கேள்வி: கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிறோம். 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கினோம். கேமரா கார்டிலிருந்து காப்பி செய்யும்போது தொடக்கத்தில் வேகமாகப் போகிறது. கொஞ்ச நேரத்தில் 70, 80 எம்பிக்கு இறங்கிப் பழைய ஹார்ட் டிஸ்க்கைவிட மோசமாகிறது. டிரைவ் பழுதா?
— ஸ்டூடியோ நடத்துபவர், குடியாத்தம்

பதில்: பழுதில்லை, உங்கள் வேலைக்கான ரகம் இல்லை. நீங்கள் வாங்கியது க்யூஎல்சி ரகமாக இருக்கும். ஒரு செல்லில் நாலு பிட் அடுக்குவதால் விலை குறைவு, எழுதுவது மெதுவு. அந்த மந்தத்தை மறைக்க, டிரைவ் தன் இடத்தில் ஒரு பகுதியைச் செல்லுக்கு ஒரு பிட் என்று வேகமாக எழுதும் திண்ணையாக வைத்துக்கொள்கிறது. வந்த சரக்கைத் திண்ணையில் இறக்கி, ஓய்வு கிடைக்கும்போது வீட்டுக்குள் அடுக்கும். சில 1 டிபி க்யூஎல்சி சாட்டா டிரைவ்களில் இந்தத் திண்ணை 40 ஜிபியைச் சுற்றியே இருக்கும். 128 ஜிபி கார்டை ஒரே மூச்சில் கொட்டினால் மூன்றில் ஒரு பங்கிலேயே திண்ணை நிறைந்து, உண்மையான வேகம் வெளியே வந்துவிடும். டிரைவ் நிறைய நிறையத் திண்ணையும் பல மாடல்களில் சுருங்கும்.

டிஎல்சி ரகம் (செல்லுக்கு மூன்று பிட்), டிராம் உள்ளது, 5 வருட உத்தரவாதம் — உங்கள் தொழிலுக்கு இந்த மூன்றையும் பாருங்கள். மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் இருந்தால் என்விஎம்இ டிஎல்சியே சரி. இந்த இதழில் கடிதம் எழுதியவர்களில் என்விஎம்இயின் வேகம் கண்ணில் தெரியப்போவது உங்களுக்குத்தான். ஒன்று கவனியுங்கள். பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் போட்டால் சாட்டா போர்ட் ஒன்றோ இரண்டோ அணைந்துவிடும். "எம்.2 போட்டதும் பழைய டிஸ்க் செத்துவிட்டது" என்று பதறாமல், வேறு போர்ட்டுக்குக் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இப்போதுள்ள டிரைவை வீணாக்க வேண்டியதில்லை. விண்டோஸுக்கும் எடிட்டிங் சாஃப்ட்வேருக்கும் வையுங்கள். படிப்பதில் க்யூஎல்சி ஒன்றும் மோசமில்லை. 20 சதவீதம் எப்போதும் காலியாக இருக்கட்டும்.

முடிந்த கல்யாணங்களை எஸ்எஸ்டியில் போட்டு பீரோவில் வைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைத்திருக்கிறது. கரன்ட் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் சீக்கிரம். வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கான ஜெடெக் (சிப் தரங்களை வகுக்கும் அமைப்பு) தரம் கேட்பதே இவ்வளவுதான்: எழுதும் ஆயுள் முழுசாகத் தீர்ந்த டிரைவ், 30 டிகிரி சூட்டில், கரன்ட் இல்லாமல் ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும். புது டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், நம் ஊர் மே மாதத்தில் பீரோவுக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது? சேமிப்புக்கு ஹார்ட் டிஸ்க்தான், அதுவும் இரண்டு பிரதி, இரண்டு இடத்தில்.

கேள்வி: கரன்ட் அடிக்கடி போய்ப் போய் வருகிறது. எஸ்எஸ்டி கெட்டுவிடுமா? வெயில் காலத்தில் சூடு தாங்குமா?
— வாசகர், தொரப்பாடி

பதில்: எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போவதுதான் ஆபத்து. எந்தத் தகவல் எந்தச் செல்லில் இருக்கிறது என்ற அட்டவணையை டிரைவ் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். சர்வர் ரக டிரைவ்களில் கரன்ட் போனாலும் அந்தத் திருத்தத்தை முடிக்க கெபாசிட்டர்கள் உண்டு. வீட்டு ரகத்தில் பொதுவாக இல்லை. பல முறை தப்பிக்கும்; ஒரு நாள் அட்டவணை கெட்டு, டிரைவே தெரியாமல் போகும். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் சத்தம் போடும். இது போடாது. 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும். ஷட் டவுன் செய்ய நேரம் கிடைத்தால் சரி. அதன் பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் யுபிஎஸ் இருந்தும் இல்லாதது போலத்தான்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை பெட்டி) சாட்டா பவர் பின் இல்லையென்று பழைய நாலு பின் மோலெக்ஸிலிருந்து மாற்றும் வயர் வாங்குவோர் கவனத்துக்கு: முனையைப் பிளாஸ்டிக்கில் ஒரே வார்ப்பாக வார்த்த வயர் வேண்டாம். உள்ளே கம்பிகள் நெருங்கி ஷார்ட் ஆகி உருகிய சம்பவங்கள் உண்டு. கம்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செருகப்பட்டு, பின்பக்கம் மூடி கழலும் ரகத்தைக் கேளுங்கள்.

சூட்டைப் பொறுத்தவரை சாட்டா எஸ்எஸ்டிக்கு அக்னி நட்சத்திரமும் ஒன்றும் செய்யாது. என்விஎம்இ சிப் வேலைப்பளுவில் 80 டிகிரியை நெருங்கும்போது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். போர்டோடு வந்த ஹீட்சிங்க்கை மாட்டுங்கள். அதன் அடியிலுள்ள பேடில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தாளை உரித்த பிறகு. உரிக்காமல் மாட்டினால் சூடு வெளியே போகாது. டிரைவின் மேலுள்ள லேபிளை மட்டும் உரிக்காதீர்கள், உத்தரவாதம் போய்விடும்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச லேப்டாப். மிக மெதுவாக இருக்கிறது. எஸ்எஸ்டி போடுவது காசுக்குத் தகுமா?
— ஆசிரியை, ஆரணி

பதில்: பல ஆண்டுகளில் பல மாடல் கொடுத்திருக்கிறார்கள், ஒரே பதில் சொல்ல முடியாது. முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெதுவாக இருக்கும் நேரத்தில் எது 100 சதவீதத்தில் நிற்கிறது என்று பாருங்கள். டிஸ்க் 100, சிபியு 20 என்றால் எஸ்எஸ்டி உயிர் கொடுக்கும். சிபியுவே 100இல் நின்றால் காசை வைத்துக்கொள்ளுங்கள்.

போடுவதென்றால் 240 ஜிபி சாட்டா போதும். எஸ்எஸ்டியின் தடிமன் 7 மில்லிமீட்டர். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டராக இருந்தால் ஆட்டம் காணும், பெட்டியில் வரும் 2.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். டிவிடி டிரைவ் இருக்கும் மாடலானால் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொருந்தும் கேடி என்ற சட்டத்தில் பழைய டிஸ்க்கை வைக்கலாம். கேடி 9.5, 12.7 என்று இரண்டு உயரத்தில் விற்கிறது, அளக்காமல் வாங்காதீர்கள். எஸ்எஸ்டி டிஸ்க் இருந்த இடத்தில், பழைய டிஸ்க் கேடியில். மாற்றிப் போட்டால் சில லேப்டாப் கேடியிலிருந்து பூட் ஆகாது.

கேள்வி: புது லேப்டாப்பில் (பன்னிரண்டாம் தலைமுறை இன்டெல்) பெரிய எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 11 நிறுவப் பார்த்தால், டிஸ்க் பட்டியலே காலியாக வருகிறது. பயாஸில் டிரைவ் தெரிகிறது.
— வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: டிரைவ் நன்றாக இருக்கிறது. பதினோராம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் இன்டெல் விஎம்டி என்ற அமைப்பு எஸ்எஸ்டிக்கும் விண்டோஸுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. நிறுவும் பென் டிரைவில் அதன் டிரைவர் இருக்காது. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, "லோட் டிரைவர்" பொத்தானில் காட்டினால் டிஸ்க் தெரியும். பயாஸில் விஎம்டியை அணைப்பது இன்னொரு வழி. சில ஏசர் மாடல்களில் அந்த வரி மறைந்திருக்கும். பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் வெளிவரும். ஏற்கெனவே விஎம்டியோடு நிறுவிய விண்டோஸ் இருந்தால் விஎம்டியை அணைக்க வேண்டாம்; அணைத்தால் அந்த விண்டோஸ் பூட் ஆகாது.

கேள்வி: எஸ்எஸ்டிக்கு ஆயுள் குறைவு, எழுத எழுதத் தேயும் என்கிறார்களே?
— பணி ஓய்வு பெற்றவர், ராணிப்பேட்டை

பதில்: தேயும். கணக்கைப் பாருங்கள். மலிவு விலை 480 ஜிபி டிரைவ் ஒன்றின் உத்தரவாதம் 120 டிபி எழுதும்வரை என்று வைத்துக்கொள்வோம். தினம் 20 ஜிபி எழுதினாலும் — வீட்டில் அவ்வளவு எழுதுவது கஷ்டம் — வருடத்துக்கு 7.3 டிபி. 16 வருடம் வரும். அதற்குள் கம்ப்யூட்டர் எந்தக் கடைக்குப் போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பேஜ் ஃபைலை அணைப்பது, டெம்ப் ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு மாற்றுவது போன்ற பழைய வைத்தியங்கள் எதுவும் வேண்டாம். விண்டோஸில் உள்ள "ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்" எஸ்எஸ்டி என்று அடையாளம் கண்டு ட்ரிம் (அழித்த கோப்புகளின் இடத்தை டிரைவுக்குத் தெரிவிப்பது) மட்டும் செய்கிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதும். வெளியிலிருந்து டீஃப்ராக் சாஃப்ட்வேர் போடாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் 16 டிபி யுஎஸ்பி எஸ்எஸ்டி, ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவுக்குக் கிடைக்கிறதே?
— வாசகர், திருப்பத்தூர்

பதில்: உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும், 16 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் கன்ட்ரோலரைத் திருத்தியிருப்பார்கள். உண்மையான இடம் நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், பிழைச் செய்தியும் வராது. வாங்கிவிட்டீர்கள் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை சாஃப்ட்வேரை ஓட்டிப் பாருங்கள். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். அசல் டிரைவை சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும் பில்லில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பவர் ஆன் அவர்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். புது டிரைவில் நூற்றுக்கணக்கில் காட்டினால் அது யாரோ கழற்றிக் கொடுத்தது.

கேள்வி: எஸ்எஸ்டி போட்டாயிற்று. பழைய ஹார்ட் டிஸ்க்கை இரும்புக் கடையில் போடலாமா?
— வாசகி, போளூர்

பதில்: ஓடும் டிஸ்க் என்றால் யுஎஸ்பி உறை வாங்கி பேக்கப்புக்கு வையுங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், குவிக் ஃபார்மட் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுகிறது. 500 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். குவிக் ஃபார்மட்டில் குடும்பப் படமும் ஆதார் நகலும் அப்படியே இருக்கும்; மீட்டெடுக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. டிஸ்க் தெரியவே இல்லையென்றால் டார்க்ஸ் டி8 ஸ்க்ரூ டிரைவரால் மூடியைக் கழற்றி, தட்டை ஆணியால் நன்றாகக் கீறிவிடுங்கள். லேப்டாப் டிஸ்க்கானால் ஸ்க்ரூ சின்னது, டி6. தட்டும் பல சமயம் கண்ணாடி. கீறாமல், தடித்த துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள், சில்லு கண்ணில் தெறிக்கும்.